ஒன்றாம் எண் குழாய்

எங்கள் ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் விலாசம் தேடி அலைவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். தெருவின் முதல் வீடு 3. அதற்கு அடுத்தது 812. அதற்கும் அடுத்தது 27,040. எதிர்வரிசையில் 9 இருக்கிறது. 10 எங்கே என்றால் ரயில் பாதையைத் தாண்டிப் போக வேண்டும். தபால்காரர் ஒருவர்தான் இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறார். அவர் லீவு போட்டால் அந்த வாரம் ஊரே அடுத்தவர் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்.

காரணம் சுலபம். ஐம்பது வருடத்துக்கு முன் இங்கே தெருவும் கிடையாது, தெருவுக்குப் பெயரும் கிடையாது. பெருநகரத்தில் இடம் பற்றாமல் வெளியே வந்தவர்களுக்காக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். யாருக்கு எப்போது குழாய் இணைப்பு கிடைத்ததோ அந்த வரிசையில் ஒரு எண். அந்த எண்ணை ஒரு நீலத் தகட்டில் எழுதி வாசலில் அறைந்தார்கள். தெருக்கள் வந்த பிறகு வரிசையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போது யாரோ எழுதிய கோப்பு இன்னும் எங்கள் ஆவணப் பிரிவில் பத்திரமாக இருக்கிறது. மாற்ற விட்டால்தானே?

எப்படி விடுவார்கள்? சின்ன எண் என்றால் ஆதியிலிருந்தே இருக்கிறவர்கள் என்று அர்த்தம். கல்யாணப் பேச்சில் பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்பதற்கு முன் வீடு எத்தனை இலக்கம் என்று கேட்கிறார்கள். மூன்றிலக்கத்துப் பெண் ஐந்திலக்கத்துப் பையனைக் காதலித்துவிட்டால் போதும், பெரியப்பா சித்தப்பா எல்லாரும் கல்யாணத்துக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீடு 31,477. என் வீட்டுக்காரருக்கு அதிலேயே பெருமை தாங்காது. "நாமளாவது முப்பதுல இருக்கோம். பின்னாடி தெரு எல்லாம் நாப்பது" என்பார், என்னமோ அந்த எண்ணை அவரே தலையில் சுமந்து கொண்டுவந்த மாதிரி.

எண் வீட்டோடு ஒட்டியதல்ல, குழாயோடு ஒட்டியது. இணைப்பைத் துண்டித்தால் எண் செத்தது. மறுபடி இணைப்பு வாங்கினால் வரிசையின் கடைசி எண்தான் கிடைக்கும். அதனால்தான் வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஐந்தாம் எண் குடும்பம் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, மாதம் ஒரு தடவை குழாயைத் திறந்து மூடச் சொல்லியிருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் குளிப்பது பல்லி மட்டும்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரே எண் என்றும் விதி இருக்கிறது. புது எண் வாங்கினால் பழையது துண்டிக்கப்படும்.

இந்த விதியில் ஒரு தடவை ஆனானப்பட்ட இரண்டாம் எண் ஐயாவே மாட்டிக்கொண்டார். சிமென்ட், கம்பி வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர்; ஊரின் எல்லாக் குழுவுக்கும் தலைவர். ஆறு வருடத்துக்கு முன் ஏரிக்கரையில் மாளிகை கட்டிக் குடிபோனார். புது எண் 48,913. மறுவாரம் ஏதோ சான்றிதழுக்காக அலுவலகம் வந்தவரை, வரிசையில் நில்லுங்கள் என்று கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த நான்தான் சொன்னேன். விதி அப்படி, நான் என்ன செய்ய? பாவம், மூன்றரை மணி நேரம் நின்றார். பதினோராம் நாள் மாளிகையை மகனுக்குக் கொடுத்துவிட்டுப் பழைய வீட்டுக்கே மூட்டை முடிச்சோடு வந்துவிட்டார். அவருக்காகவே நகர்மன்றத்தில் பதினான்காம் விதியைச் சேர்த்தார்கள். முப்பது நாளுக்குள் அதே ஆள் அதே வீட்டுக்குக் குடிதிரும்பி, புது எண்ணை ஒப்படைத்தால் பழைய எண் உயிர்பெறும். அதற்குப் பிறகு அந்த விதியை யாரும் பயன்படுத்தவில்லை.

எங்கள் கவுண்ட்டரில் டோக்கன் எல்லாம் கிடையாது. சின்ன எண் முதலில், பெரிய எண் பிறகு. விடிந்ததிலிருந்து காத்திருந்தாலும் சரி, அப்போதுதான் காரிலிருந்து இறங்கினாலும் சரி. ஐந்திலக்கக்காரர்களுக்கு 'புதிதாகக் குடியேறியோர்' என்று பலகை மாட்டிய தனி வரிசை. இருபது வருடமாக இங்கே இருப்பவர்களும் அதில்தான் நிற்கிறார்கள். காலை பத்து மணிக்கு நான் "ரெண்டு!" என்று கூப்பிட்டால் அலுவலகம் தொடங்கியது என்று அர்த்தம். ஒன்று எங்கே போயிற்று என்று எப்போதாவது ஒரு குழந்தை கேட்கும். ஒன்றாம் எண் தண்ணீர்த் தொட்டிக்குக் கொடுத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு எதற்கு ஐயா குழாய் இணைப்பு என்று யாருமே கேட்டதில்லை. பதினெட்டு வருடமாக ஆவணப் பிரிவையும் இந்தக் கவுண்ட்டரையும் சேர்த்துப் பார்க்கும் நானும் கேட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் ஊருக்குப் பொன்விழா. குழு போட்டார்கள். எட்டுப் பேர், ஆறு தாய்மொழி, நாலு விதமான வழிபாடு. எங்கள் ஊர் பலதரப்பட்ட மக்கள் ஒற்றுமையாக வாழும் ஊர் என்று அழைப்பிதழில் போடுவதற்குத் தோதாகப் பொறுக்கி எடுத்த எட்டுப் பேர். எல்லாரும் மூன்றிலக்கத்துக்குள். விழா மலருக்கு ஊர் வரலாறு எழுத வேண்டும் என்றதும் அதை என் தலையில் கட்டினார்கள். அலுவலகத்தில் வேலையில்லாமல் இருப்பவள் நான் ஒருத்திதான் என்று மேலதிகாரிக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை.

முதல் கூட்டத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன்.

"எழுதிக்கோம்மா, இங்க மொதல்ல வந்தது எங்க ஆளுங்கதான்" என்றார் பதினேழாம் எண்.

"நீங்க வர்றப்போ எங்க மாமா வீட்ல கதவே போட்டாச்சு" என்றார் இருபத்து மூன்று.

"கதவு போட்டா ஆச்சா? குடிவந்தது யாரு?" என்றார் நூற்று நான்காம் எண் அம்மாள்.

ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. எட்டுப் பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், முன்பெல்லாம் இந்த ஊர் இப்படி இல்லை, புதிதாக வந்தவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்பது. அதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை. கடைசியில் தலைவர் இரண்டாம் எண் ஐயா தொண்டையைச் செருமி, "சண்டை எதுக்கு? தொட்டிய விட்டா மொத வீடு எங்க வீடு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று முடித்தார். பிறகு, தொட்டிக்குப் பக்கத்தில் பொன்விழா வளைவு கட்டுவது என்று தீர்மானம் ஆயிற்று. இடைஞ்சலாக அங்கே ஓர் அறை இருக்கிறது, அதற்கு எண் கிடையாது, காலி செய்ய ஏற்கெனவே அறிவிப்பு கொடுத்தாயிற்று என்றார் ஐயா. எண் உள்ள வீட்டை இடித்தால் மாற்று வீடு தர வேண்டும். எண் இல்லாத இடம் எங்கள் ஊரில் வீடே இல்லை, ஆகவே அங்கே இருப்பவர் எங்கும் இல்லை. ஒரு மாத அறிவிப்பு போதும்.

அந்த அறையில் இருப்பவர் எங்கள் தையலக்கா. எனக்குப் பேனா ஓடவில்லை.

மறுநாள் மதியம் என் வீட்டுக்காரரின் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். தொட்டியின் காலோடு ஒட்டிய பத்தடி அறை. பின்னால் சமைக்க ஒரு தடுப்பு. ஊரில் ஒன்பது பள்ளிக்கூடம். ஒன்பது சீருடையும் கம்பியில் தொங்கும். தையலக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. மகள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். ஆறு மொழிக்காரர்களின் இடுப்பளவும் அக்காவுக்கு வாய்ப்பாடு.

பேன்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "போன தடவ ரெண்டு இஞ்ச் விட்டேன். இனிமே விடத் துணி இல்ல. சோத்தக் குறைக்கச் சொல்லு" என்றார்.

"முப்பதாயிரத்துல இருக்கோம்கிற பெருமைதான்க்கா ஊதிப்போச்சு."

"அப்படிப் பாத்தா சின்ன நம்பர் எல்லாம் வெடிச்சிருக்கணும்."

சிரித்தார். தையல் மெஷின் கால் ஆடாமல் இருக்க எதையோ நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தார். குனிந்து பார்த்தேன். நகராட்சி முத்திரை. அதுதான் அறிவிப்பு.

"அக்கா, என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல." சிரிப்பு நின்றுவிட்டது. "நான் இங்கதான் பொறந்தேன். எங்கப்பா இந்தத் தொட்டிக்குக் கலவை சுமந்தவரு. நாப்பது பேரு இந்தக் கொட்டாய்ல இருந்தாங்களாம். தொட்டி முடிஞ்சதும் எல்லாரும் அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க. நான் பொறந்து பத்து நாளுன்னு அம்மா மட்டும் கெளம்பல. அப்புறம் கெளம்பவே இல்ல. தகரத்த எடுத்துட்டு அப்பா செங்கல் வச்சாரு. எனக்கு வேற எடம் தெரியாதும்மா. ராத்திரி தொட்டியில தண்ணி ஏறுற சத்தம் கேக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது. பயமா இருக்கு."

"ஏதாவது காகிதம் வச்சிருக்கீங்களா?"

"காகிதமா? குழாய்தான் இருக்கு." வாசலில் இருந்த பித்தளைக் குழாயைக் காட்டினார். அது திருகித் திருகி வழவழவென்று தேய்ந்திருந்தது.

திரும்பி வரும் வழியில்தான் என் மண்டையில் உறைத்தது. எண் இல்லாமல் எங்கள் நகராட்சி ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்குமா? பதிவேட்டில் ஏறாமல் ஒரு குழாய் ஐம்பது வருடம் ஓடுமா? நேராக ஆவண அறைக்குப் போய், முதல் அலமாரியின் அடித்தட்டில் கிடந்த இணைப்புப் பதிவேட்டை இழுத்தேன். அட்டை போய்விட்டிருந்தது. முதல் பக்கம் ஒழுங்காக இருந்தது. அதில், எண் 1: தொழிலாளர் கொட்டகை, தொட்டி அருகில். குறிப்பு: தற்காலிகம்.

அடேயப்பா, ஐம்பது வருடத் தற்காலிகம்! அத்தோடு விட்டதா? அடுத்த வரியில், பதினோரு மாதம் கழித்து, எண் 2. கட்டுமானத்துக்கான தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற கட்டத்தில் 'ஒன்றாம் எண் குழாய்' என்று எழுதி, இரண்டாம் எண் ஐயாவின் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். அறையில் யாரும் இல்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த கூட்டத்தில் பதிவேட்டை மேசை நடுவில் விரித்து வைத்தேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. பதினேழாம் எண்ணுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ மொத வீடு உங்க வீடு இல்லீங்களா?" என்று மூன்று விதமாகக் கேட்டார். இருபத்து மூன்று, "வீடு கட்டத் தண்ணி கூட அங்கேருந்துதானா? பேஷ்" என்றார். குறிப்பு எழுதிக்கொண்டே எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது.

ஆனால் சிமென்ட் வியாபாரி எதையும் வீணாக்க மாட்டார். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர் வேறு.

"உழைப்பாளி கட்டின ஊர் நம்ம ஊரு. இத நான் சின்ன வயசுலேருந்து சொல்லிட்டு வர்றேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "வளைவு வேணாம். அந்த அறைய இடிக்கக் கூடாது. ஒன்றாம் எண்ணுக்குப் புதுத் தகடு அடிங்க. என் சொந்தச் செலவு."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான். கூட்டம் முடிந்ததும் மூச்சிரைக்க ஓடினேன். "அக்கா, நீங்கதான் ஒண்ணு!" என்றேன். அவர் நம்பவில்லை. பதிவேட்டு வரியை எழுதிக் கொண்டுபோன காகிதத்தைக் காட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வாரமே நீலத் தகடு வந்தது. அக்கா தினமும் அதை ஈரத்துணியால் துடைத்தார். என் வீட்டுக்காரரின் பேன்ட்டில் எங்கிருந்தோ துணி கண்டுபிடித்து ஒரு இஞ்ச் விட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் கூட்டத்துக்கு ஒரு வரைபடக்காரர் வந்தார். பெரிய தாளை விரித்தார். அறையைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர். குழாயைச் சுற்றிச் சங்கிலி. உள்ளே ஒரு தையல் மெஷின், அதன் முன்னால் 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை.

"ஊர்ப் பிறப்பு நினைவகம்" என்றார் ஐயா.

"நல்லா இருக்குங்கய்யா. அக்கா எங்க இருப்பாங்க?"

"எந்த அக்கா?"

"ஒன்றாம் எண்."

"நினைவகத்துல ஆள் எப்படிம்மா இருக்க முடியும்? சமைச்சா சுவரெல்லாம் கறுத்துடும். கிழக்குக் கோடியில புது அடுக்குமாடி வருதுல்ல, அங்க ஒரு வீடு குடுத்திடலாம். மெஷின் மட்டும் இங்கயே இருக்கட்டும், பாக்குறவங்களுக்கு ஒரு உணர்வு வரும்."

"எண் இருக்கற வீட்லேருந்து ஆள வெளியேத்த முடியாதுங்கய்யா."

"வெளியேத்தலையே. மாற்று வீடு குடுக்கறோம். விதிப்படிதான்." என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "நீதானேம்மா கண்டுபிடிச்ச? மலர்ல உனக்கு நன்றி போடச் சொல்லியிருக்கேன்."

அந்தத் தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன். அன்றைக்கு என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் வேறு யார்மேலும் வந்ததில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவர் மெஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே பேசினார்.

"நீ சும்மா இருந்திருந்தா இடிச்சிருப்பாங்க. ஓரமா நாலு தகரத்தப் போட்டுக்கிட்டு இங்கேயே கெடந்திருப்பேன். அடுத்த விழா வரைக்கும் யாரும் எட்டிப் பாத்திருக்க மாட்டாங்க. இப்போ கண்ணாடி போடறாங்களாமே? என் வீட்ட நானே கண்ணாடிக்கு வெளியேருந்து பாக்கணுமா?"

"அக்கா, நான் நெனச்சது..."

"நீ நல்லதுதான் நெனச்ச. போம்மா. பேன்ட் இருந்தா வேற யார்கிட்டயாவது குடு."

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புது வீட்டுச் சீட்டு வாங்க அக்கா அலுவலகம் வந்தார். விண்ணப்பம் புது வீட்டுக்கானது; ஆகவே 'புதிதாகக் குடியேறியோர்' வரிசை. நான் கவுண்ட்டருக்குள் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. அவருக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். எங்கிருந்து வந்தவளோ, எங்கள் ஆறு மொழியில் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. பெஞ்சில் ஓர் இடம் காலியானதும் அவள் பாதி உட்கார்ந்து, மீதிப் பாதியைத் தட்டிக் காட்டி அக்காவை உட்காரச் சொன்னாள். இரண்டு பேரும் ஆளுக்கு அரைப் பெஞ்சாக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முறை வருவதற்குள், முந்தின நாள் சாவியை இங்கே மறந்து வைத்துவிட்டதாக நூற்று நான்காம் எண் அம்மாள் உள்ளே வந்தார், பிறகு இன்னும் நாலு சின்ன எண்கள் வந்தன. நாளைக்கு வா என்று அவளை அனுப்பிவிட்டோம். அக்காவுக்கு மட்டும், தலைவர் சொல்லியிருந்ததால், சீட்டு தயாராக இருந்தது. எண் 61,208. ஊரில் பிறந்த முதல் குழந்தைக்கு ஊரின் கடைசி எண்.

அன்று மாலைக்குள் அக்கா மகளோடு கிழக்குக் கோடிக்குப் போய்விட்டார். மெஷின் இங்கேயே நின்றது.

இனி நான் செய்த வேலை. அதை ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. புது எண் வாங்கினால் பழைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். உத்தரவு எழுத வேண்டியது என் பிரிவு. பதினெட்டு வருடமாக ஒரு தடவையும் தவறாமல் எழுதியிருக்கிறேன். யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. இந்தத் தடவையும் எழுதினேன். 'ஒன்றாம் எண் இணைப்பு துண்டிக்கப்படுகிறது.' மேலதிகாரி வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். குழாய் ஃபிட்டர் வழக்கம்போலக் கேள்வி கேட்காமல் போய் வெட்டிவிட்டு வந்தார்.

பொன்விழா நாள். தொட்டியைச் சுற்றிப் பந்தல். நாற்காலிகள் எண் வரிசைப்படி, இரண்டாயிரம் வரைக்கும். அதற்கு மேல் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். மேலிடத்திலிருந்து ஒரு முக்கிய விருந்தாளி வந்திருந்தார். நிகழ்ச்சி நிரலின் உச்சம், ஊரின் முதல் குழாயை விருந்தாளி திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடிப்பது. அதற்காக வெள்ளி டம்ளர் எல்லாம் வாங்கியிருந்தார்கள். ஐயா மைக்கில் உழைப்பாளி, வியர்வை, வேர் என்று இருபது நிமிடம் பேசினார். விருந்தாளி சங்கிலியைத் தாண்டிப் போய்க் குழாயைத் திருகினார்.

புஸ் என்று காற்று வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

இன்னும் திருகினார். குழாய் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு மொழியிலும் சிரிப்புச் சத்தம் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஐயா ஃபிட்டரைக் கூப்பிட்டார்.

"உத்தரவு வந்துச்சு, வெட்டிட்டேங்க" என்றார் ஃபிட்டர்.

"உடனே சேருய்யா!"

"பத்து நிமிஷ வேலைங்க. ஆனா புது இணைப்புன்னா புது நம்பர். இன்னைக்குத் தேதிக்கு 61,240. தகட்ட மாத்தணும்."

"நினைவகத்துல 61,240ன்னு போட முடியுமாய்யா? பழைய நம்பரே இருக்கட்டும்!"

அதுவரை ரசித்துக்கொண்டிருந்த பதினேழாம் எண் துள்ளி எழுந்தார். "அதெப்படி? செத்த நம்பருக்கு உயிர் குடுத்தா நாளைக்குக் கண்டவனும் வந்து கேப்பான். விதின்னா எல்லாருக்கும் விதிதான்." இருபத்து மூன்றும் நூற்று நான்கும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு வழியாகக் கீழே இறங்கிய இரண்டாம் எண்ணை இந்த மேடையில் காப்பாற்ற அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

ஐயாவின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டது. என்னைத் தேடிப் பிடித்தார். "வழியே இல்லையாம்மா?"

"இருக்குங்கய்யா. பதினாலாம் விதி. நீங்க போட்டதுதான். முப்பது நாளுக்குள்ள அதே ஆள் அதே வீட்டுக்குக் குடிதிரும்பணும். இன்னைக்கு இருபத்து மூணாம் நாள்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. நான் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் படிப்பதுபோல் நின்றேன்.

"குடிதிரும்பறதுன்னா... கண்ணாடி?"

"குடியிருந்தா சமைப்பாங்க, துவைப்பாங்க. கண்ணாடி எதுக்குங்கய்யா?"

அக்கா வந்திருந்தார். கயிற்றுக்குப் பின்னால், 61,208 என்று எழுதிய அழைப்பிதழால் வெயிலுக்கு நெற்றியை மறைத்துக்கொண்டு நின்றார். ஐயா மேடையிலிருந்து இறங்கி, இரண்டாயிரம் நாற்காலிகளையும் தாண்டி, அங்கே வரைக்கும் நடந்து போனார். என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா சொன்னது மட்டும் கேட்டது, ஏனென்றால் அவர் அதைச் சத்தமாகத்தான் சொன்னார்.

"என் வீட்டுக்கு நான் திரும்ப வர்றதுக்கு என்னங்கய்யா? வர்றேன். ஆனா மனு குடுக்கணும்ல? நாளைக்கு ஆபீசுக்கு வர்றேன். எடம் இப்போ உங்க குழு கையில இருக்கு, நீங்களும் வந்து சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க."

விருந்தாளி வெறும் டம்ளரோடு போய்விட்டார்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கே ஐயா வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்காவும் வந்தார். பெஞ்சில் உட்காராமல் ஒரு பக்கமாக நின்றார். குழந்தையோடு அந்தப் பெண்ணும் இருந்தாள். இருபத்து மூன்று நாளில் எத்தனையாவது தடவையோ தெரியவில்லை. பத்து மணி ஆயிற்று. பதினெட்டு வருடமாகச் சொன்ன வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "ஒண்ணு!" என்று கூப்பிட்டேன்.

ஐயா பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். அப்புறம் கேட்டது உறைத்து, அப்படியே உட்கார்ந்தார்.

அக்கா கவுண்ட்டருக்கு வந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உன் வீட்டுக்காரர் பேன்ட்ட நாளைக்குக் கொண்டா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கவுண்ட்டரில் உட்கார்ந்து அழக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, அதனால் அழுதேன்.

"மனுவக் குடுங்கக்கா" என்று கையை நீட்டினேன்.

அக்கா கொடுக்கவில்லை. திரும்பி, குழந்தையோடு நின்ற பெண்ணை வா வா என்று சைகை காட்டி முன்னால் இழுத்து நிறுத்தினார். "இவ எனக்கு முன்னாடி வந்தவ. அன்னைக்கும் இவதான் முன்னாடி. இவள மொதல்ல பாரு. அப்புறம் அந்த வரிசையில நிக்கறவங்களப் பாரு. எனக்கு அவசரம் இல்ல."

"அதெப்படி, நம்பர் வரிசைதானே..." என்று ஐயா ஆரம்பித்தார்.

"நம்பர் வரிசையிலதாங்கய்யா கூப்பிட்டேன்" என்றேன். "மனு ஒண்ணாம் நம்பருக்கு, ஒண்ணு வந்தாச்சு. அவங்க முறைய அவங்க இவங்களுக்குக் குடுத்திருக்காங்க. ஒண்ணு முடிஞ்சாத்தானே ரெண்டு?"

ஐயா மறுபடி உட்கார்ந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் அக்கா மனு நகராது. அக்கா மனு நகராமல் அவர் நினைவகத்துக்கு எண் கிடையாது. எழுந்து போகவும் முடியாது.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை வாங்கிப் பிரித்தேன். கேட்டிருந்தது ஒரு குழாய் இணைப்பு. நான் கேட்பது அவளுக்குப் புரியவில்லை, அவள் சொல்வது எனக்குப் புரியவில்லை. பெயருக்கே கால் மணி நேரம் ஆயிற்று. விலாசத்துக்குத் தாளில் வீடு வரைந்து, மரம் வரைந்து, அக்கா நடுவில் புகுந்து கையை ஆட்டி, குழந்தை பேனாவைப் பிடுங்கி, ஒரு வழியாக முடிந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை.